ஏழே கிலோவில் ஏழு தீவுகள்

சுற்றுலாப் பயணி என்று மட்டும் அவரை அழைத்துவிடாதீர்கள். மனிதருக்குப் பொல்லாத கோபம் வந்துவிடும். சுற்றுலாப் பயணி என்பவன் பெட்டிக்குச் சக்கரம் வைத்து இழுப்பவன், போவதற்கு முன்பே அறை எடுத்து வைப்பவன், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற ஏமாளி. இவர் வெறும் பயணி. முன்னால் அடைமொழி கிடையாது. முதுகில் ஒரு பை, காலில் ரப்பர் செருப்பு, வெயிலில் தோலுரிந்த மூக்கு, இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு வெப்பக் கடல்களில் உள்ள தீவுகளையெல்லாம் அடிமட்டச் செலவில் பார்த்துத் தீர்ப்பதற்கென்றே பிறந்த தனி இனம். சிக்கனத் தீவுப் பயணி என்று இப்போதைக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். உங்களுக்கும் ஒருவரைத் தெரிந்திருக்கும். நீங்கள் காய்கறிப் பையோடு மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது எதிரே வந்து, அந்தத் தீவுக்கு இன்னுமா போகவில்லை என்று விசாரித்திருப்பார்.

போயிருக்கிறேன் என்று சொல்லித் தப்பிக்கலாமே என்கிறீர்களா? சொல்லிப் பாருங்கள். எப்போது போனீர்கள் என்பார். போன வருஷம் என்பீர்கள். உதட்டைப் பிதுக்குவார். "அது கெட்டுப்போச்சுங்க. நான் போனப்ப ஒரு ஈ காக்கா கிடையாது." இவர் கால் வைக்கும்வரை யார் கண்ணிலும் படாமல் இருந்து, இவர் படகேறித் திரும்பிய மறுவாரமே கெட்டுப்போகிற தீவுகள் அவை. அதற்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

இந்த இனத்தின் லட்சணங்கள் அத்தனையும் ஒரு குறையுமில்லாமல் பொருந்திய ஒருவர் எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். குடிநீர் அலுவலகத்தில் வரைபடப் பிரிவு. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் போகிறது, எங்கே வளைகிறது, எங்கே மூடியிருக்கிறது என்பதையெல்லாம் பென்சிலால் கோடு போட்டுச் சொல்கிற வேலை. பதினோரு மாதம் ஒழுங்காகக் கோடு போடுவார். பன்னிரண்டாவது மாதம் ஆளைக் காணாது. திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, குடியிருப்போர் சங்கக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டுச் சொற்பொழிவு. வாசல் பலகையில் அவரே அழகாகத் தலைப்பு எழுதி வைப்பார். முதல் வருஷம் 'ஏழே கிலோவில் மூன்று தீவுகள்'. அடுத்து 'ஏழே கிலோவில் ஐந்து தீவுகள்'. பிறகு ஆறு. தீவுகள் ஏறும், கிலோ ஏறாது. அதனால் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையோடு நின்றுபோய், குடியிருப்பில் அவர் 'ஏழு கிலோ' ஆகிவிட்டார்.

சொற்பொழிவுக்கு ஒரு சடங்கு உண்டு. பேச்சைத் தொடங்குமுன் கூரைக் கொக்கியில் ஒரு ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட்டு, அதில் தன் முதுகுப் பையை மாட்டுவார். முள் நடுங்கும். சபை மூச்சைப் பிடித்துக்கொள்ளும். முள் ஏழில் வந்து நிற்கும். கைதட்டல். பிறகு பைக்குள் கைவிட்டு ஒரு பல் பிரஷ்ஷை எடுத்து உயர்த்திக் காட்டுவார். கைப்பிடியைப் பாதிக்கு மேல் அறுத்து எறிந்த பிரஷ். அனாவசியச் சுமை பயணத்துக்கு எதிரி என்பார். இரண்டாவது மாடி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அந்த மொட்டைப் பிரஷ்ஷை வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்து நாற்காலிக்குக் கொடுப்பார். அது கூடம் முழுக்க ஒரு சுற்று சுற்றி வரும்.

அப்புறம் பேச்சு. நான் போனேன், நான் ஏறினேன், நான் பேரம் பேசினேன், நான் அலைந்தேன் என்று நான் நானாகக் கொட்டும். கேட்டவர்கள் வெகுகாலம் அவர் தனியாகத்தான் போய்வருகிறார் என்று நினைத்திருந்தார்கள். கடைசி வரிசையில், வாசலை ஒட்டின நாற்காலியில், உதட்டில் ஒரு சிரிப்போடு உட்கார்ந்திருக்கும் அம்மாள் மூன்று பயணத்திலும் கூடவே போனவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் இவருடைய மனைவி. கண் மருத்துவமனையில் வேலை. ஜன்னல் இல்லாத, விளக்கை அணைத்து வைத்த அறையில், ஆறு மீட்டர் தள்ளி மாட்டிய எழுத்துப் பலகையைக் காட்டி, மேல் வரி தெரிகிறதா, அதற்குக் கீழே தெரிகிறதா, கடைசி வரி தெரிகிறதா என்று நாள் முழுக்கக் கேட்கும் வேலை. அவர் எழுதிக் கொடுத்த அளவில் கண்ணாடி மாட்டாதவர்கள் எங்கள் குடியிருப்பில் குறைவு. அதனால் 'கண்ணாடியம்மா'.

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளந்து சொல்கிற கண்ணாடியம்மாவின் சொந்தக் கண், பகல் முழுக்க ஆறு மீட்டருக்கு மேல் போவதில்லை. அதனால் அவருக்கு ஒரே ஒரு ஆசை. கடல் பக்கம் ஜன்னல் வைத்த ஒரு அறை. அதில் ஒரு நாற்காலி. காலையில் எழுந்து அதில் உட்கார்ந்து, கண் போகிற மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான். தீவுக்குப் போகிறவருக்கு இது ஒரு பெரிய ஆசையா?

நம் இனத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். முதல் பயணத்தில் ஏழு கிலோ எடுத்த அறைக்கு ஜன்னல் இருந்தது. திறந்தால் நாலு விரற்கடை தள்ளி அடுத்த வீட்டுச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் கடல்தான் என்று அவர் உறுதியாகச் சொன்னார். இரண்டாவது பயணத்தில் ஜன்னலே இல்லை. கடல் படம் போட்ட நாள்காட்டி ஒன்று இருந்தது. மூன்றாவது பயணத்து ஜன்னல் நல்ல பெரிய ஜன்னல், ஜெனரேட்டரைப் பார்த்து இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் சொன்ன சமாதானம் ஒன்றுதான். இந்த இனத்தை இருட்டிலும் அடையாளம் காட்டிக்கொடுக்கும் வாக்கியம் அது.

"ரூம்ல யாரு இருக்கப் போறாங்க? சும்மா தூங்கத்தானே போறோம்."

நாலாவது பயணத்துக்கு அவர் ஏழாவது தீவைக் குறித்து வைத்தபோது கண்ணாடியம்மா ஒன்றும் கோபப்படவில்லை. காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே சொன்னார். "இந்தத் தடவை ஜன்னல் இல்லேன்னா, இதான் நான் வர்ற கடைசிப் பயணம். அப்புறம் நீங்க தனியாப் போயிட்டு வாங்க." ஏழு கிலோ சத்தியமே பண்ணினார். கடலைப் பார்த்த ஜன்னல், கண்டிப்பாக. ஆனால் முன்கூட்டி அறை எடுக்க மாட்டார். அது சுற்றுலாப் பயணியின் வேலை.

கிளம்புகிற காலை. கட்டில்மேல் இரண்டு பைகள். அவர் பையைத் தராசில் மாட்டினார். முள் ஏழைத் தாண்டி ஒரு நூல் போயிற்று. பையைத் திறந்து முட்டை அவிக்கிற மின்சாரக் கெட்டிலை வெளியே எடுத்தார். "இது கொஞ்சம் உன் பையில இருக்கட்டும்." தராசு. இன்னும் ஒரு நூல். கொசுவலை. "இதுவும் கொஞ்சம் உன் பையில இருக்கட்டும்." பிறகு துண்டு, மழைக்கோட்டு, செங்கல் கனத்தில் வழிகாட்டிப் புத்தகம். இந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லின் எடை என்ன என்று யாராவது என்றைக்காவது நிறுத்துப் பார்த்திருக்கிறார்களா? கண்ணாடியம்மா முழங்காலால் பையை அமுக்கி ஜிப்பை இழுத்து மூடினார். ஏழு கிலோவின் முள் ஏழில் நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

தீவுக்குப் பயணிகள் படகு இருந்தது. ஒன்றரை மணி நேரம், சாய்ந்து உட்கார இருக்கை, தலைக்குமேல் கூரை. அதில் ஏறுவாரா? உள்ளூர்க்காரர்கள் எப்படிப் போகிறார்களோ அப்படித்தான் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. விசாரித்துச் சரக்குப் படகைப் பிடித்தார். ஆறு மணி நேரம். நாற்பது வெங்காய மூட்டை, இரண்டு ஆடு, இவர்கள் இருவர். பாதிக் கடலில் பயணிகள் படகு இவர்களைக் கடந்து போயிற்று. அது முழுக்க உள்ளூர்க்காரர்கள். தலை கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கையசைத்தார்கள். ஏழு கிலோ சிறிது நேரம் அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இந்தத் தீவும் கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டது என்றார். கண்ணாடியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நண்பகலில் கரை. படகுத்துறையை ஒட்டி ஒரு மளிகைக் கடை. மாடியில் ஒரே ஒரு அறை வாடகைக்கு என்று அட்டை தொங்கியது. கடைக்கார அக்கா சாவியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். கதவைத் திறந்தால் எதிரே ஜன்னல். ஜன்னல் முழுக்கக் கடல். அதற்கு முன்னால், யாரோ சொல்லி வைத்ததுபோல, கைவைத்த மர நாற்காலி ஒன்று. கண்ணாடியம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். ஏழு கிலோவும் பார்த்தார். ஆளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். சத்தியம் பலித்துவிட்டதே! கீழே இறங்கி வாடகையைக் கேட்டார். அக்கா சொன்னார். அதிகமில்லை. மூட்டைப் படகில் வந்தவருக்கே கட்டுப்படியாகிற வாடகைதான்.

எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே?

எப்படி எடுப்பார்? முதலில் சொன்ன விலைக்குத் தலையாட்டினால் அவர் யார், சக்கரப் பெட்டிக்காரன் யார்? பாதியாகக் கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே முடியாது என்றார். உடனே ஏழு கிலோ தன் புகழ்பெற்ற இருபது அடி முறையைக் கையில் எடுத்தார். வேண்டாம் என்று கையை உதறிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். இருபது அடிக்குள் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். சொற்பொழிவில் இதற்குத் தனியாகக் கைதட்டல் உண்டு. மனைவிக்கு ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டு நடந்தார்.

ஐந்து அடி. பத்து அடி. குரல் வரவில்லை. பன்னிரண்டில் நடையைக் குறைத்தார். பதினைந்தில் குனிந்து, அவிழ்வதற்கு ஒன்றுமே இல்லாத ரப்பர் செருப்பைச் சரிசெய்தார். இருபது. பெருந்தன்மையாக இன்னும் ஐந்து அடி கொடுத்தார். பின்னால் செருப்புச் சத்தம்கூட இல்லை. வழக்கமாக அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க ஒரு சத்தம் வருமே, அதுவும் இல்லை. திரும்பினார். தெருவில் யாருமில்லை. நிமிர்ந்தார். மாடி ஜன்னலில் கண்ணாடியம்மா உட்கார்ந்திருந்தார்.

"ரூமை எடுத்துட்டியா?" என்று கீழிருந்து கேட்டார்.

"எடுத்துட்டேங்க."

"இன்னும் கொஞ்சம் நடந்திருந்தா கூப்பிட்டிருப்பாங்க."

"நீங்க நடங்க. நான் இங்க உக்காந்து பாத்துட்டிருக்கேன்."

இந்த இடத்தில் சாதாரண மனிதன் படியேறியிருப்பான். நம் ஆளுக்குக் கொள்கை இருக்கிறதே. நியாயமான இடம் ஒன்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று அறிவித்துவிட்டு, விறைப்பாக நடந்து, தெருக்கோடியில் எட்டுக் கட்டில் போட்ட ஒரு கூடத்தைக் கண்டுபிடித்தார். மலிவு என்றால் அப்படி ஒரு மலிவு. ஜன்னல் இல்லை. சும்மா தூங்கத்தானே போகிறோம்! ஒரு கட்டிலில் உட்கார்ந்து, தோற்றது யார் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அவள்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

நாலு மணிக்கு மழை பிடித்தது. கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவே இருந்த திறந்த முற்றத்தைத் தாண்டுவதற்குள் தொப்பலாக நனைந்துவிட்டார். வந்து பையைத் திறந்தார். துண்டு இல்லை. துண்டு அவள் பையில். சரி, சட்டையால் துடைத்துக்கொள்ளலாம். மழைக்கோட்டு அவள் பையில். சோப்பு அவள் பையில். கொசு வர ஆரம்பித்தது. வலை அவள் பையில். தும்மல் வந்தது. மாத்திரை டப்பா அவள் பையில். கையில் மொட்டைப் பிரஷ் இருந்தது, பற்பசை அவள் பையில். உலகம் வியந்த அந்த ஏழு கிலோப் பையில் இருந்தவை மூன்று சட்டை, ஒரு கால்சட்டை, தொப்பி, தொலைநோக்கி, கேமரா, தீவுகளின் பெயர் எழுதிய நோட்டு, பிறகு ஸ்பிரிங் தராசு. பக்கத்துக் கட்டிலில், வந்ததும் இவர் எதைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்தாரோ அந்தப் பெரிய சக்கரப் பெட்டியின் சொந்தக்காரர், தடித்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

மழை விட்டதும் தும்மிக்கொண்டே மளிகைக் கடைக்குப் போனார். அவளிடமிருந்து இரண்டு சாமான் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். கடை வாசலில், வெங்காயம் நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில், ஒரு குவியல் இருந்தது. கெட்டில், கொசுவலை, துண்டு, மழைக்கோட்டு, வழிகாட்டிப் புத்தகம், மாற்றுச் செருப்பு, மாத்திரை டப்பா, துணி காயப்போடும் கயிறு, குடை, இரண்டு போர்வை, ஐந்து பிஸ்கட் பொட்டலம், பெரிய டார்ச் விளக்கு. எல்லாம் தெரிந்த முகங்கள்.

"உங்க வீட்டம்மா பையைக் கீழேயே விட்டுட்டு மேல போயிட்டாங்க. அப்புறம் வந்து தூக்கினா படியேற முடியல. நான் ஒரு பக்கம் பிடிச்சேன், எனக்கே தோள் விட்டுப்போச்சு" என்றார் கடைக்கார அக்கா. "அப்புறம்தான் பிரிச்சு வெச்சாங்க. இது அத்தனையும் உங்களோடதாம். நிறுத்து வெக்கச் சொன்னாங்க, நிறுத்தேன். பதினோரு கிலோ. அவங்க சாமான் நாலே கிலோதான்."

வரைபடக்காரர் அளவுகளைச் சும்மா ஒப்புக்கொள்வாரா? கடைத் தராசு சரியாக இருக்காது என்றார். தன் ஸ்பிரிங் தராசை எடுத்தார். போர்வையை விரித்து மூட்டையாகக் கட்டி, கடைக் கொக்கியில் மாட்டினார். முள் நடுங்கியது. பதினொன்றேகால். கடைத் தராசு அவருக்குக் கால் கிலோ தள்ளுபடியே கொடுத்திருந்தது.

அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவருக்கு ஆறு தீவுகளும் ஞாபகம் வந்தன. மணல் வழி, படிக்கட்டு, மேட்டுப் பாதை. எல்லா இடத்திலும் முன்னால் இவர் வீசி நடந்துபோய், திரும்பி நின்று, என்ன ஆமை மாதிரி வருகிறாய் என்று கேட்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரு தடவைகூடக் கனக்கிறது என்று சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்லியும் அவரால் தன்னைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை.

மூட்டையைத் தூக்கினார். முதுகில் ஏழு, கையில் பதினொன்றேகால். அந்த மாடிக்குப் பதினெட்டுப் படி. எட்டாவது படியில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு எழுந்து ஏறினார். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. கண்ணாடியம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. திரும்பி அவரையும், மூட்டையையும், தோலுரிந்த மூக்கில் வழிந்த வியர்வையையும் ஒரு தடவை பார்த்தார்.

"கனக்குதா?"

"கனக்குது" என்றார் ஏழு கிலோ.

"சரி, வெச்சுட்டு வாங்க."

ஒரு நாற்காலிதான் இருந்தது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். மழை கழுவிவிட்ட கடல் பளிச்சென்று கிடந்தது. வெகுதூரத்தில் கடலும் வானமும் சேர்கிற இடத்தைக் காட்டி, அந்தக் கடைசிக் கோடு தெரிகிறதா என்று கண்ணாடியம்மா கேட்டார், வேலைப் பழக்கத்தில். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுத் தெரிகிறது என்றார். அங்கே அவர்கள் மூன்று நாள் இருந்தார்கள். கண்ணாடியம்மா மூன்று காலையும் அந்த நாற்காலியில்தான். ஏழு கிலோ தீவைச் சுற்றிப் பார்க்க ஒரு தடவைதான் கிளம்பினார். திரும்பி வரும்போது கடைக்கார அக்காவிடமிருந்து, அவர் சொன்ன வாடகையைக் குறைக்காமல் கொடுத்து, இன்னொரு நாற்காலி வாங்கிக்கொண்டு வந்தார்.

திருந்திவிட்டார் என்று முடித்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் போட்டாயிற்று. வாசல் பலகையில் 'ஏழே கிலோவில் ஏழு தீவுகள்' என்று முன்பே எழுதியிருந்ததில் முதல் எண்ணைப் பென்சிலால் அடித்து, மேலே பதினெட்டேகால் என்று பொடி எழுத்தில் திருத்தியிருந்தது. கொக்கியில் ஒரு புதிய பெரிய பை ஏறியது. முள் ஏழைத் தாண்டி ஓடியபோது சபை திகைத்துப்போயிற்று. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஏழு கிலோ பதறவே இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏழு கிலோவை யாரு வேணாத் தூக்கலாம்" என்றார். "பதினெட்டேகாலைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கேன். உங்கள்ல யாராவது முடியுமா?"

அப்படி ஒரு கைதட்டலை அந்தக் கூடம் கேட்டதில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டியவர் கண்ணாடியம்மா. சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த வருஷமும் போகிறார்கள். நாலு கிலோவும் பதினெட்டேகாலும்.

நல்லவேளை, நான் தீவுக்கெல்லாம் போகிற ஆள் இல்லை என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொள்வது தெரிகிறது. சாயுங்கள். தீவு வேண்டாம், கடைத்தெருவுக்குப் போவீர்கள் அல்லவா? கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, ரயிலடிக்கு? கையை வீசிக்கொண்டு சுகமாக நடக்கிறோமே என்று தோன்றுகிற சமயத்தில் ஒரு நிமிஷம் நின்று, பின்னால் வருகிறவர் கையிலிருக்கும் பையை வாங்கித் தூக்கிப் பாருங்கள். தூக்கிப் பார்த்துவிட்டு, "அடேயப்பா" என்று சொல்லி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.